பக்கத்து இருக்கை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள பாப்பா,

சித்திக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தறியில் ஏற்றியிருக்கும் பாவில் இன்னும் ஒரு சேலை பாக்கி. மழை பிடித்துக்கொண்டதால் தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது, வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுதுவிடுகிறாய், எனக்கும் பேச்சு எழும்புவதில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

சுங்குவார்சத்திரம் தாண்டி கம்பெனி பஸ் கவிழ்ந்த அந்த விடியற்காலையில் உனக்கு உள்ளங்கையில் ஒரு கீறல்தான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வலது கால் நசுங்கிவிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து ஏறும்போது, தலைவலிக்கிறது, காற்று வேண்டும் என்று ஜன்னலோர இருக்கையை அவள் கேட்டாள், நீ கொடுத்தாய். வரும் ஞாயிறு ஆராதனையில் நீ சாட்சி சொல்ல வேண்டும் என்று உன் அப்பாவும் சபை மூப்பர்களும் ஆசைப்படுகிறார்கள். உன்னால் வாய் திறக்க முடியவில்லை. “என்னைக் காத்தவர் அவளை ஏன் விட்டார் சித்தப்பா? இருக்கையை மாற்றியதும் அவர்தானா? அப்படியென்றால் நான் எதற்காக நன்றி சொல்வேன்?” என்று உன் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். இப்படிக் கேட்பதே பாவமோ என்று கடைசியில் ஒரு வரி வேறு.

பாவமே இல்லை. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காதவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வராது. நீ பார்த்திருக்கிறாய். அதற்காகவே நான் கர்த்தரைத் துதிக்கிறேன்.

நீ நன்றி சொல்லத்தான் வேண்டும். உயிரோடு வீடு வந்த பிள்ளை நன்றி சொல்லாமல் இருப்பது இயற்கையே இல்லை. ஆனால் நம் சபைகளில் நன்றி சொல்லும் விதத்தில் ஒரு கணக்கு கலந்துவிட்டிருக்கிறது. ‘பத்துப் பேருக்கு அடிபட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகையால் ஆண்டவர் என்மேல் பிரியமாக இருக்கிறார்’ என்ற கணக்கு. சொல்பவர் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் விதவைக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது அப்படித்தான் விழுகிறது. நீ நன்றி சொல், இந்தக் கணக்கைப் போடாமல் சொல். நான் எழுத வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இது ஏன் என்பதற்கு.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தரே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். பிறகு பேச்சைப் பிழைத்திருப்பவர்கள் பக்கம் திருப்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம், பிழைத்த நீ இனி எப்படி வாழப் போகிறாய் என்று பார் என்பதாகத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் எடுத்துப் பார். நீ ஞாயிறு பள்ளியில் காகிதச் சிறகு கட்டிக்கொண்டு தேவதூதனாக நடித்தாயே, பேதுருவின் சங்கிலி கழன்று விழும் அந்தக் கதை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏரோது யோவானின் சகோதரன் யாக்கோபை வாளால் கொன்றுவிடுகிறான். அதை நாம் நாடகமாகப் போட்டதே இல்லை. இரண்டு பேரும் மீன்பிடித்த வலையை விட்டுவிட்டு ஒரே ஆண்டவர் பின்னால் போனவர்கள். ஒருவனுக்காகத் தூதன் வந்தான், மற்றவனுக்காக வரவில்லை. லூக்கா இரண்டையும் எழுதுகிறார், ஏன் என்று எழுதவில்லை. பேதுரு வந்து கதவைத் தட்டிய அந்த வீட்டில் யாக்கோபுக்காக அழுது வீங்கிய கண்களும் இருந்திருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அவர்கள் பேதுருவைக் கட்டிப்பிடித்தும் இருப்பார்கள். துக்கமும் ஸ்தோத்திரமும் ஒரே அறையில் இருக்க முடியும் பாப்பா. ஆதிச் சபை அப்படித்தான் இருந்தது.

2004 டிசம்பர் 26 உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கடல் ஏறி வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவர்களில் பலர் அன்று காலைப் பூசை கண்டுவிட்டுக் கடல் பார்க்க இறங்கியவர்கள். ஆலயம் தப்பியது அற்புதம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அது ரோமன் கத்தோலிக்கரின் இடம், நாம் சி.எஸ்.ஐ. என்பதற்காக நான் சொல்லவில்லை. உள்ளே இருந்து பிழைத்தவர் முழங்காலிட்டு அழுதது உண்மையான நன்றி, அதில் குறை காண எனக்கு வாய் வராது. ஆனால் அதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லும் யாரும் கரையில் கிடந்த பிள்ளைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களும் அதே மெழுகுவர்த்தியைத்தான் ஏற்றியிருந்தார்கள்.

தொண்ணூற்றொன்றாம் சங்கீதம் உனக்கு மனப்பாடம். உன் பாட்டி அதைச் சொல்லாமல் யாரையும் வெளியூர் அனுப்பமாட்டாள். அந்தச் சங்கீதத்தை எடுத்து இயேசுவின் முன்னால் நீட்டியது யார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா? தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதி என்று சோதனைக்காரன் சொன்னது அந்தச் சங்கீதத்தை வைத்துத்தான். அவர் குதிக்கவில்லை. அந்த வார்த்தை பொய் என்றும் சொல்லவில்லை. பிதாவைப் பரீட்சை பார்க்கமாட்டேன் என்றார். பைக்கின் முன்னால் வசனம் ஒட்டிவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகும் நம் சபை வாலிபர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பாட்டியின் ஜெபத்தை நீ விடாதே. அதை ஆபத்தே வராது என்பதற்கான ரசீதாக மட்டும் வைத்துக்கொள்ளாதே.

அப்படியானால் காவல் என்பது எங்கே இருக்கிறது? இதைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டும்.

உன் உள்ளங்கைக் கீறல் இரண்டு நாள் எரிந்தது, சோறு பிசைய முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்துச் செங்கல்பட்டில் ஒரு தொழுநோய் மருத்துவமனை உண்டு. 1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பொறுப்பில் இருந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து அதிக நாள் ஆகாத எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். அவர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது 1914-ல் நம் கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அங்கே மிஷனரி. பால் இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1929-ல், அப்பா கருநீர்க் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று மகனுக்குத் தந்தி போனது. தந்திக்குப் பிறகும் அப்பா முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தனவாம். கடவுள் காக்கவில்லை என்று சொல்ல அந்தப் பையனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அம்மா எவலின் பின்னாளில் மலைக்கே திரும்பி வந்தார். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை மலைமக்களோடுதான் இருந்தார்.

அந்த மகன் செங்கல்பட்டில் மடங்கிப்போன விரல்களோடு நின்ற ஒரு வாலிபனின் கையைப் பிடித்து, என் கையை அழுத்து என்றார். அவன் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கு வலித்துவிட்டது. தொழுநோயில் சதையே அழுகி உதிர்கிறது என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. இவ்வளவு பலமுள்ள கை எப்படிச் செத்த கையாகும் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். பல ஆண்டு வேலூரில் உழைத்துக் கண்டது இதுதான்: நோய் நரம்பை மரக்கடிக்கிறது, வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுடுபாத்திரத்தை அவர்கள் வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள். விரல்கள் போவது இப்படித்தான். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டதை அவர் எழுதியிருக்கிறார். பார்த்தால் பையனின் விரல் எலும்புவரை அறுபட்டு ரத்தம் சொட்டுகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்றாலும் அவர்கள் விழிக்கமாட்டார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை.

பின்னாளில் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் மருத்துவமனையில் இருந்தபோது, வலிக்குப் பதிலாக எச்சரிக்கை தரும் கருவி ஒன்றை விரல்களில் பொருத்திப் பார்த்தார். ஆபத்து வந்தால் அது குறிப்பு கொடுக்கும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை, வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் அணைத்துவிட்டார்கள். கடைசியில் அந்த முயற்சியையே கைவிட்டார். மனிதன் செய்து பார்த்துத் தோற்றுப்போன அந்தக் காவல், கேட்காமலே உனக்கும் எனக்கும் பிறக்கும்போதே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-ல் அவர் வலியைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார், அது யாரும் விரும்பாத ஈவு என்று.

நான் தறியில் உட்கார்ந்தவன். பட்டிழை எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால், கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். இந்த வயதில் கண் மங்கிவிட்டது, விரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஒவ்வொரு காலையும் குழியில் கால் வைத்து உட்காரும்போது இந்தப் பத்து விரலுக்கும் உணர்ச்சி இருப்பதற்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் நாடாவைத் தொடுகிறேன். இதற்கு எந்தச் சபையிலும் சாட்சி சொல்ல மேடை கிடையாது. ஒன்றும் நடக்கவில்லையே, என்ன சாட்சி என்பார்கள். ஒன்றும் நடக்காமல் போன நாட்களில்தான் ஆண்டவருடைய வேலை அதிகம் என்று நான் நம்புகிறேன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நம் சபைகூட இல்லை. 2019-ல் அத்திவரதரைக் குளத்திலிருந்து எடுத்து ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனத்துக்கு வைத்தார்களே, உனக்கு நினைவிருக்கும். ஊர் கொள்ளாத கூட்டம். வெயிலில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளோடு நானும் சின்ன காஞ்சிபுரம் போயிருந்தேன். திண்டிவனம் பக்கத்துப் பாட்டி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். 1979-ல் பெருமாள் வெளியே வந்தபோது புதுப்பெண்ணாகக் கணவனோடு வந்தவளாம். கணவன் இப்போது இல்லை. என்ன வேண்டிக்கொள்ள வந்தீர்கள் அம்மா என்று கேட்டேன். “வேண்டிக்க ஒண்ணுமில்லப்பா. நாப்பது வருசம் வெச்சிருந்தாரே, அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். அவள் கும்பிடும் சந்நிதியில் நான் கும்பிடுவதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் நாற்பது வருடத்துக்குச் சேர்த்து ஒரு நன்றி! நாம் ஒரு விபத்துக்கு, ஒரு காய்ச்சலுக்கு என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கோயில்களுக்கு நடுவே ஒரே ஒரு கிறிஸ்தவ வீடாக இந்தத் தெருவில் நாம் வாழ்கிறோம். கர்த்தர் எங்களைக் காத்ததெல்லாம் பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் கைகளால்தான். உன் அண்ணனுக்கு இரண்டு வயதில் நள்ளிரவில் வலிப்பு வந்தபோது, எதிர்வீட்டு அக்கா காமாட்சி அம்மனை அழைத்துக்கொண்டே அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் இயேசுவே இயேசுவே என்று பின்னால் ஓடினேன். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன் வேற்றாள் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன் என்று கர்த்தர் கதை சொன்னபோது, கேட்டவர்களுக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! எனக்குச் சங்கடமில்லை, நான் கண்ணால் கண்டவன்.

உன் விபத்தையே எடுத்துக்கொள். டீக்கடையில் நின்றவர்கள் கண்ணாடியை உடைத்து உங்களை வெளியே இழுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2008-க்கு முன் இந்த ஊரில் அப்படி ஒரு வண்டி கிடையாது. ஆட்டோவிலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு போவதற்குள் எத்தனையோ பேர் போய்விடுவார்கள். மருத்துவமனையில் உன் தோழியிடம் யாரும் பணம் கேட்கவில்லை என்றாய். அது 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம். சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. யாரோ சட்டம் எழுதினார்கள், யாரோ வரி கட்டினார்கள், யாரோ தூங்காமல் வண்டி ஓட்டினார்கள். பாட்டியின் சங்கீதத்தில் அடைக்கலம் தரும் செட்டைகள் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. இவர்களெல்லாம் அதில் ஒரு இறகுகூட இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

என் கதையில் ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போடப் பக்கத்தில் ஒரு சின்னக் கை இருக்கும். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் பிள்ளைகளின் கை. வாங்கின முன்பணம் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் பட்டுத் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை போட்டதே, அதில் நம் காஞ்சிபுரமும் உண்டு. நானும் சிறுவயதில் அப்படி உட்கார்ந்தவன்தான். தாத்தாவைக் குறை சொல்லவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் மாலை மாலையாக வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. பையனை அனுப்புங்கள் என்று ஒரே பேச்சு. கடைசியில் பகலில் பள்ளி, மாலையில் தறி என்று தாத்தா இறங்கி வந்தார். நான் எழுதப் படிக்கக் கற்றது அப்படி. 1837-ல் சென்னை ஆர்மேனியன் தெருவில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பெயரில் நம் ஊரில் நிற்கும் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும். நான் அந்தப் பள்ளியில் படித்தவன் அல்ல. ஆனாலும் இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களின் வரிசையில்தான் என் வாத்தியாரும் வருகிறார். எனக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை, தூதன் யாரும் வரவில்லை. ஆனால் என்னை ஆண்டவர் எதிலிருந்து காத்தார் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது உன் தோழியைப் பற்றி.

மேலே நான் வலியைப் பற்றி எழுதியது உனக்கு மட்டும். அதை அவளிடம் போய்ச் சொல்லாதே. எச்சரிக்கும் வலி வேறு, அவள் படும் வேதனை வேறு. அவளுக்கு இப்போது ஆண்டவருடைய இரக்கம் வலி குறைக்கும் ஊசியாகத்தான் வரும். எல்லாம் நன்மைக்கே, ஒரு நோக்கம் இருக்கும் என்றும் சொல்லாதே. வேலூரில் பின்னாளில் பிராண்டோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவை இழந்தார். இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, உடல் செயலிழந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966-ல் வேலூரில் உருவாகக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அவர் கதையைச் சொல்லி, பார், கர்த்தர் எவ்வளவு அழகாக நடத்தினார் என்று முடித்துவிடுகிறார்கள். அதை அவர் சொல்லலாம், அவர் பட்டவர். விபத்து நடந்த வாரத்தில் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று வேறு யாரும் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது வேறு. உன்னால் உட்கார்ந்துகொண்டே செய்ய முடியும் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். தள்ளிக்கொண்டுபோக ஆள் இருந்தார்கள். விபத்திலிருந்து அவர் தப்பவில்லை. ஆனால் கைவிடப்படவும் இல்லை.

உன் தோழிக்கு, கைவிடப்படாமல் இருக்கும் அந்த இரண்டாவது காவல் இன்னும் பாக்கி இருக்கிறது பாப்பா. அதில் நீ இருக்க முடியும்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு முன்னால் சனிக்கிழமை அவளைப் போய்ப் பார். இருக்கை மாறியதை அவளும் நினைத்துக்கொண்டிருப்பாள். அவளாக எடுத்தால் பேசு, எடுக்காவிட்டால் விடு. மன்னிப்புக் கேட்காதே, இருக்கை கொடுத்தது அன்பினால் செய்தது, அதில் குற்றம் இல்லை. அவள் உன்மேல் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், நீ எழுந்து வந்துவிடாதே. ஞாயிறு எழுந்து நின்றால் சுருக்கமாகச் சொல்: நான் உயிரோடிருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், எங்களை வெளியே இழுத்தவர்களுக்கு நன்றி, என் பக்கத்தில் இருந்தவளுக்குக் கால் போகாமல் இருக்க ஜெபியுங்கள். சபை எதிர்பார்ப்பது இது இல்லை, அப்பாவுக்குக்கூட முகம் வாடும். நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். நிற்க முடியவில்லை என்றால் நிற்காதே, சபை ஐயரிடமும் நானே சொல்கிறேன். கட்டாயப்படுத்தி வாங்கும் நன்றி யாருக்கும் வேண்டாம்.

ஸ்தோத்திர காணிக்கை போட வேண்டும் என்று அம்மா பணம் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் ஒரு பங்கு உண்டிப்பையில் போகட்டும், மீதி உன் தோழிக்கு. அரசுத் திட்டம் 48 மணி நேரத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மருந்து, கட்டு மாற்றுவது, பிசியோதெரபி என்று மாதக்கணக்கில் போகும். விடுதியில் இரண்டு பேரும் ஒரே அறை என்றாய். பணத்தைவிட, வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்கு அவளோடு ஆட்டோவில் போய்வர ஓர் ஆள் தேவைப்படும். மூன்று மாதம் அதைச் செய்ய முடியுமா என்று உன் ஷிப்டைப் பார்த்து யோசி. முடியாத வாரம் எனக்குச் சொல், சித்தியும் நானும் மாறி மாறி வருகிறோம். பஸ் புறப்படும்போது சீட் பெல்ட் இருந்தால் போட்டுக்கொள். இல்லாவிட்டால் எல்லாருமாகச் சேர்ந்து கம்பெனியில் எழுதிக் கேளுங்கள், பயப்பட வேண்டாம்.

இரவு படுக்கும்போது தூக்கம் வரவில்லை, கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறது என்று சொன்னாயாம், சித்தி சொன்னாள். அது போக நாளாகும். ஒரு டாக்டரிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. சங்கீதம் சொல்ல வராவிட்டால், அன்று உனக்கு உதவிய ஆட்களை ஒவ்வொருவராக நினைத்து, டிரைவர், கண்ணாடி உடைத்தவர், நர்ஸ் என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே படு. எனக்குத் தெரிந்து அதுவும் ஜெபம்தான்.

சித்தி சனிக்கிழமைக்கு அதிரசம் சுட்டுத் தருகிறேன் என்கிறாள். அந்தப் பெண் இனிப்பு சாப்பிடலாமா என்று நர்ஸிடம் கேட்டு வை. அவளுடைய வீட்டார் எந்த ஊர், கூட இருக்க யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் விசாரி. நீ இவ்வளவு பக்கம் எழுதியும் அவள் பெயரை எழுதவில்லை. குடும்ப ஜெபத்தில் சொல்ல வேண்டும், எழுதி அனுப்பு.

உன்
சித்தப்பா